தூக்க மாத்திரையைக் குறைக்கும்போது வரும் தலைசுற்றல்

நம் சங்கத்துக்கு மாலை வேளைகளில் வந்து செய்தித்தாள் படிக்கும் மூத்த அன்பர்கள் சர்க்கரை மாத்திரை பற்றிப் பேசுவார்கள். பிரஷர் மாத்திரை பற்றியும் பேசுவார்கள். மூட்டுவலித் தைலம் எந்தக் கடையில் மலிவு என்பதுகூடப் பேச்சில் வரும். ஆனால் இரவு படுக்கப் போகும் முன் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. 'நரம்பு மாத்திரை' என்பார்கள், அல்லது 'டாக்டர் ஏதோ ஒன்று கொடுத்திருக்கிறார்' என்பார்கள். அதை நிறுத்த முயன்றவர்களில் பலருக்கு வருகிற ஒரு தொல்லையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தரை நகர்வது போலவும், படகில் நிற்பது போலவும் வரும் தலைசுற்றல் அது. எனக்கும் அது வந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அதனுடன் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். சிவில் என்ஜினீயரிங்கில் டிப்ளமா முடித்து 1982இல் ரயில்வேயில் சேர்ந்து, இருப்புப்பாதைப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதில் மருந்தின் அளவு எதையும் எழுதப் போவதில்லை. ஒருவருக்குப் பொருந்தும் அளவு மற்றவருக்குப் பொருந்தாது. தலை ஏன் சுற்றுகிறது, அதை எப்படித் தாங்குவது என்ற இரண்டை மட்டும் என்னால் முடிந்தவரை விளக்குகிறேன்.

முதலில் மாத்திரை. அமெரிக்காவில் ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியல் அறிஞரின் கண்டுபிடிப்பிலிருந்து 1960இல் லிப்ரியமும், 1963இல் வேலியமும் சந்தைக்கு வந்தன. இந்தக் குடும்பத்துக்குப் பென்ஸோடயஸெபீன் என்று பெயர். நம் தலைமுறைக்கு 'காம்போஸ்' என்றால் உடனே புரியும். அது வேலியத்தில் உள்ள அதே டயஸெபாம்தான். இப்போது அதிகம் புழங்குபவை அல்பிரஸோலாம், குளோனஸெபாம், லோரஸெபாம். வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும் அட்டையில் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். 'பாம்' என்றோ 'லாம்' என்றோ முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வயிற்றுப் பொருமலுக்கும் குடல் பிடிப்புக்கும் எழுதித் தரப்படும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயஸெபாக்ஸைடு கலந்திருக்கிறது; அதுதான் பழைய லிப்ரியம். படபடப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில கூட்டு மாத்திரைகளில் குளோனஸெபாம் கலந்திருக்கிறது. "நான் தூக்க மாத்திரையே தொடுவதில்லை" என்று சொல்பவர் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அதையே விழுங்கிக்கொண்டிருக்கலாம். திடீரென்று அதை நிறுத்தித் தலை சுற்றினால் காரணம் யாருக்கும் தோன்றாது.

எனக்கு இது ஆரம்பித்தது 2021இல். கொரோனாவின் இரண்டாம் அலையில் நெருங்கிய உறவினர் இருவரை இழந்த பிறகு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்வேன். ஒரு டாக்டர் அல்பிரஸோலாம் எழுதித் தந்தார். தூக்கம் வந்தது. சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 2024 பிப்ரவரியில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு சாவு. இரண்டு நாளில் திரும்பலாம் என்று போனவன் பத்தாம் நாள் காரியம் வரை தங்க நேர்ந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது. அங்கிருந்த மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் தரமாட்டேன் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அல்பிரஸோலாம், டயஸெபாம், நைட்ரஸெபாம் ஆகியவை ஷெட்யூல் எச்-1 என்ற பட்டியலில் உள்ளவை. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி அது. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், வாங்குபவர் பெயர், எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு முழுக்கத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் குனிந்து முகம் கழுவி நிமிர்ந்தேன். கிணற்றுச் சுவர் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "பித்தம்தான்டா தம்பி, ராத்திரி கண்ணு முழிச்சது. இஞ்சிச் சாறு தரேன், குடி" என்றார் அக்கா. இஞ்சி குமட்டலைக் கொஞ்சம் அடக்கியது. ஆனால் சுவர் சாய்வது நிற்கவில்லை. மைசூர் எக்ஸ்பிரஸில் படுத்து வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. பெங்களூரில் இறங்கியதும் அசையாத பிளாட்பாரம் ஆடியது.

இங்கே என்னைப் பார்த்த மனநல மருத்துவர் கன்னடக்காரர். நம் ஊர்த் தமிழில் முதலில் கேட்ட கேள்வி இது: "சார், சுத்துறது ரூமா, நீங்களா? இல்ல, ரெண்டும் சுத்தாம கண்ணு இருட்டுதா?" இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வதுதான் பாதி வைத்தியம் என்பது பிறகு புரிந்தது. தமிழில் நாம் 'மயக்கமா வருது' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். கன்னடத்தில் 'தலெ சுத்து' என்றாலும் இதே குழப்பம்தான். டாக்டருக்கு வேண்டியது வேறுபாடு. அறை சுழல்வது ஒன்று. எழுந்து நின்றவுடன் கண் இருட்டி விழப்போவது போல வருவது இன்னொன்று. அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. தலை சரியாக இருந்தும் கால் தள்ளாடுவது மூன்றாவது. தரை மெத்தைபோல் அமுங்குவதாகவும் உடம்பு ஊஞ்சலில் இருப்பதாகவும் தோன்றுவது நான்காவது. மாத்திரையைக் குறைக்கும்போது எனக்கு அதிகம் வந்தது இந்த நான்காவது வகை. இடையிடையே முதல் வகை. பெங்களூரில் எத்தனையோ மொழி பேசும் டாக்டர்களிடம் போகிறோம். 'மயக்கம்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, என்ன நகர்கிறது, எவ்வளவு நேரம், எந்த அசைவில் என்று சொன்னால் அவர்களுக்குச் சுலபம்.

மாத்திரையை நிறுத்தினால் சுவர் ஏன் சாய வேண்டும்?

ரயிலில் போன எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. நம் வண்டி நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும். ஒரு நொடி நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று தோன்றும். கண் 'நகர்கிறோம்' என்கிறது. காதும் காலும் 'இல்லை' என்கின்றன. மூளை எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல அந்த ஒரு நொடி ஆகிறது. நம் சமநிலை இந்த மூன்று சாட்சிகளை நம்பித்தான் இருக்கிறது: கண், உள்காதில் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றோடு சேர்ந்த சுண்ணாம்புத் துகள் பைகளும், பாதம், முழங்கால், கழுத்து ஆகியவற்றிலிருந்து போகும் உணர்வு. தீர்ப்புச் சொல்லும் இடம் மூளைத்தண்டும் சிறுமூளையும்.

இந்தக் காதுக் குழாய்களின் வேலையை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாராணி என்ற வியன்னா டாக்டருக்கு 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நோயாளிகளின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவினாலும் சூடான நீரால் கழுவினாலும் தலை சுற்றுகிறது, கண்மணி துடிக்கிறது, உடல் சூட்டு நீரால் கழுவினால் ஒன்றும் ஆவதில்லை என்று கவனித்துத் தொடங்கியவர் அவர். பரிசு கிடைத்த செய்தி வந்தபோது முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டிருந்தாராம். கவனிப்பு என்றால் அதுவல்லவா கவனிப்பு!

மூளையின் செல்கள் ஒன்றையொன்று கிளப்பிவிடவும் செய்யும், அடக்கவும் செய்யும். அடக்கும் வேலையைச் செய்யும் முக்கியமான ரசாயனத்துக்குக் காபா என்று பெயர். இதை வண்டியின் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஸோடயஸெபீன் மாத்திரை புதிதாகப் பிரேக் போடுவதில்லை. இருக்கும் பிரேக்கை இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. திடீரென்று மாத்திரை நின்றால், தளர்ந்த பிரேக்கோடு இறக்கத்தில் ஓடும் வண்டியின் கதிதான். தூக்கம் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, வெளிச்சமும் சத்தமும் உறுத்துகின்றன. சமநிலைத் தீர்ப்புச் சொல்லும் இடங்களிலும் காபாவுக்குப் பெரிய பங்கு இருப்பதால், சின்ன அசைவும் அங்கே பெரிய அசைவாகப் பதிவாகிறது. காதில் பழுதில்லை, கண்ணிலும் பழுதில்லை. அவை சொல்வதை வாங்கிக் கணக்குப் போடும் இடம் மறுபடி கணக்குக் கற்றுக்கொண்டிருக்கிறது.

தலை சுற்றியவுடன் பலர், 'பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது, மாத்திரை இல்லாமல் நமக்கு வாழ்வில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு மாத்திரை போட்டதும் சுற்றல் அடங்குகிறது. அதையே ருசுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது பழைய வியாதியின் ருசு அன்று. உடம்பு மாத்திரைக்குப் பழகியிருப்பதைத்தான் அது காட்டுகிறது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரப் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன். 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்கென்றே தனிக் கிளினிக் நடத்தினார். அந்த அனுபவத்தைக் கையேடாக எழுதி 1999இல் வெளியிட்டார். 2019இல் காலமானார். அவர் அழுத்திச் சொன்னது இரண்டு: ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதே, எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதைக் குறைத்துக்கொள்பவரின் உடம்பே முடிவு செய்யட்டும். 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறை இந்த மாத்திரைகள் எல்லாவற்றின் அச்சுக் குறிப்பிலும் பழக்கமாதல் பற்றியும் திடீரென நிறுத்துவதன் ஆபத்து பற்றியும் கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவிகிதம் குறைப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. திடீர் நிறுத்தத்தில் தலைசுற்றல் சின்ன விஷயம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

'படிப்படியாக' என்ற சொல்லை டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது, என் தொழிலால். ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் நோக்கி மேட்டில் ஏறும் பாதையின் வளைவுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படாமலிருக்க வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிடச் சில மில்லிமீட்டர் உயர்த்துவோம்; அதற்குக் 'கேன்ட்' என்று பெயர். நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் 70 மில்லிமீட்டரை ஒரே இடத்தில் உயர்த்த முடியாது. வண்டி குலுங்கும், ஆள் விழுவார், சமயத்தில் சக்கரமே தடம் விட்டு இறங்கும். ஆகவே நடுவில் ஓர் இடைவளைவு போட்டு, வண்டியில் இருப்பவர் நொடிக்கு 35 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றத்தை உணராதபடி கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு 70 மில்லிமீட்டர் உயர்த்த ஏறக்குறைய 56 மீட்டர் நீளம் வேண்டும். வேகம் கூடினால் நீளம் கூட வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது மட்டுமன்று, வெளியே வரும்போதும் அதே நீளம் வேண்டும். மாத்திரைக்குள் நுழைய ஒரு நாள் போதும். வெளியே வரத்தான் நீளமான இடைவளைவு தேவைப்படுகிறது.

எனக்கு முதலில் பழைய அளவையே மறுபடி தந்து நிலைப்படுத்தினார்கள். பிறகு, உடலில் மெதுவாகக் கரையும் இன்னொரு மாத்திரைக்கு மாற்றினார்கள். இது எல்லா முதியவர்களுக்கும் செய்வதன்று. மெதுவாகக் கரையும் மருந்து வயதானவர் உடம்பில் தேங்கிப் பகலிலும் தள்ளாட வைக்கும் என்பதால் டாக்டர் யோசித்துத்தான் செய்தார். அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு படி. முடிய 16 மாதம் ஆனது.

இந்த 16 மாதமும் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, அளவு, தூங்கிய மணி, சுற்றலுக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், அன்று நடந்த விசேஷம். நான்கு மாதம் ஆனதும் வரைபடம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படி இறங்கியபின்னும் நாலாம் ஐந்தாம் நாளில் சுற்றல் உச்சத்துக்குப் போனது; இரண்டு வாரத்துக்குள் இறங்கியது. இது என் உடம்பின் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும். ஆனால் அந்த வளைகோட்டைப் பார்த்தபின் ஐந்தாம் நாள் சுவர் சாய்ந்தால் பயப்படவில்லை. 'ஆமாம், இன்று ஐந்தாம் நாள்' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவேன். வைரல் காய்ச்சல் வந்த மாதமும் மகள் பிரசவத்தின் மாதமும் டாக்டர் படி இறக்கவில்லை. பாதையில் வேலை நடக்கும்போது வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு போடுவதில்லையா, அதுபோல.

பயம் என்று சொன்னேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தலை சுற்றுகிறது, பயம் வருகிறது, மூச்சு வேகமாகிறது. மூச்சு வேகமானால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை இன்னும் கிறுகிறுக்கும். அது மேலும் பயத்தைக் கிளப்பும். இந்தச் சுழலை அறுக்க நான் செய்தது எளிமையானது. உடனே உட்காருவேன். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதியும். எதிரில் அசையாத ஒன்றை, எங்கள் வீட்டில் கதவின் தாழ்ப்பாள், உற்றுப் பார்ப்பேன். கண்ணை மூடுவதில்லை, மூடினால் மூன்று சாட்சிகளில் ஒன்று போய்விடுகிறது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்வேன். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

நான் இளநிலைப் பணியாளனாக இருந்த நாட்களில் தள்ளு டிராலியில் பாதை ஆய்வுக்குப் போவோம். டிராலித் தொழிலாளிகள் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். 52 கிலோ தண்டவாளத்தின் தலைப்பகுதி 67 மில்லிமீட்டர்தான் அகலம். 'எப்படிண்ணே விழாம ஓடுறீங்க?' என்று ஒருவரிடம் கேட்டேன். 'காலைப் பாத்தா விழுந்துருவோம் சார். தூரத்துக் கம்பத்தைப் பாக்கணும்' என்றார். நாற்பது வருடம் கழித்து அந்தப் பேச்சு எனக்கே உதவியது. தலை சுற்றுகிறவர்கள் இயல்பாகவே குனிந்து காலடியைப் பார்த்து நடப்பார்கள். அப்படி நடந்தால் கண்ணுக்குக் கிடைக்கும் சாட்சியம் குறைந்துவிடுகிறது. மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, பத்துப் பதினைந்து அடி முன்னால் பார்த்து நடக்க வேண்டும்.

அடுத்தது, தலை சுற்றுகிறதே என்று படுத்தே கிடப்பது. வீட்டார் அன்பினால் 'அப்பா, அசையாம படுத்திருங்க' என்பார்கள். முதல் ஓரிரு நாள் சரி. அதற்கு மேல் படுத்திருந்தால் மூளைக்குப் பாடம் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் 1940களில் காதோன் என்ற காது மருத்துவரும் குக்ஸி என்ற உடலியக்க மருத்துவரும் தலையில் காயம்பட்டுச் சமநிலை இழந்த படைவீரர்களுக்கென்று சில பயிற்சிகளை வகுத்தார்கள். இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் கற்றுத்தருவது அவற்றின் வழிவந்தவைதான். உட்கார்ந்தபடி தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் ஓட்டுவது. கட்டைவிரலை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு தலையைத் திருப்புவது. பிறகு நின்றபடி, பிறகு நடந்தபடி. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. சமதரையில் நடப்பது கைவந்தபின், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கண்ணை மூடி நிற்பது. இலேசாகச் சுற்றல் வரும் அளவுக்குச் செய்து, அது அடங்கும்வரை காத்திருந்து மறுபடி செய்ய வேண்டும். சுற்றலே வராத அளவுக்குச் செய்தால் பயனில்லை. வாந்தி வரும் அளவுக்குச் செய்வதும் வீண். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நான் எங்கள் அடுக்குமாடியின் நடைபாதையில் இருபுறமும் திரும்பி வீட்டு எண்களைப் படித்துக்கொண்டே நடப்பேன். மூன்றாம் மாடிப் பிள்ளைகள் எனக்குப் 'போஸ்ட்மேன் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

'தலைசுற்றல் மாத்திரை' ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். புரோகுளோர்பெரஸின், சின்னரிஸின் போன்றவை கடும் சுற்றலையும் வாந்தியையும் சில நாட்களுக்கு அடக்கத் தருபவை. சமநிலை உணர்வையே மந்தப்படுத்துவதால், நீண்ட நாள் போட்டால் மூளை மறுபடி கற்றுக்கொள்வதைத் தாமதப்படுத்தும். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரக்கூடும். மதுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; அது இந்த மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். எனக்குக் கஷ்டமாக இருந்தது காபிதான். காலை ஒரு டம்ளர் டிகிரி காபியோடு நிறுத்திக்கொண்டேன்; மாலைக் காபி போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

விழாமலிருப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கள் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் எந்த வைத்தியமும் முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. படுக்கையறையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு. குளியலறைத் தரை காய்ந்திருக்க வேண்டும். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி. அது ஓட்டில் பசை போட்டு ஒட்டியதாக இல்லாமல் செங்கல்லில் திருகு இறக்கியதாக இருக்க வேண்டும், இதில் மட்டும் என் என்ஜினீயர் புத்தி விட்டுக்கொடுக்காது. ஸ்டூலில் ஏறிப் பரண் சாமான் எடுப்பதும் ஸ்கூட்டர் ஓட்டுவதும் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. இரவு எழுந்தால் கட்டிலோரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நிற்க வேண்டும்.

மாத்திரையைக் குறைக்கிறோம் என்பதால் வருகிற சுற்றல் எல்லாம் அதனால்தான் என்று எண்ணிவிடவும் கூடாது. படுக்கையில் புரண்டால் மட்டும் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக அறை வேகமாகச் சுழன்று நின்றால், அது காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதாக இருக்கலாம். ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் 1992இல் எழுதி வெளியிட்ட முறைப்படி தலையை வரிசையாகத் திருப்பிப் படுக்கவைத்தே பல சமயம் அதைச் சரிசெய்துவிடுகிறார்கள். எனக்கே நடுவில் ஒருமுறை இது வந்து, காது மருத்துவர் ஒரே அமர்வில் சரிசெய்தார். பிரஷர் மாத்திரையின் அளவு, சர்க்கரை, ரத்தசோகை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை கால் வலுவிழந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ காத்திருக்காதீர்கள். 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென ஒரு காது கேளாமல் போனாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது ஆகியவையும் அவசரமே.

எங்கே போவது? இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் 1847இல் தொடங்கிய மைசூர் அரசின் மனநல விடுதியின் வழிவந்தது. அந்த மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974 டிசம்பரில் இணைந்து இன்றைய நிறுவனம் ஆயிற்று. பழக்கத்திலிருந்து மீள உதவும் தனிப் பிரிவும் அங்கே இருக்கிறது. 'அங்கேயா?' என்று முகம் சுளிக்கும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து அதிகாலை பஸ் பிடித்து வந்து அங்கே வரிசையில் நிற்கும் நம் மக்களைப் பார்த்தால் அந்தச் சுளிப்பு போய்விடும். நேரில் போக முடியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உங்களுக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடமே, 'இதைக் குறைக்க விரும்புகிறேன், எப்படி?' என்று கேட்பதும் நல்ல தொடக்கம்தான்.

கடைசியாக, பெற்றோரைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சென்னை மகன் வீட்டில் மூன்று மாதம், இங்கே மகள் வீட்டில் மூன்று மாதம், அமெரிக்காவில் ஆறு மாதம் என்று நம் வீடுகளில் முதியவர்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். எழுதித் தந்த டாக்டர் ஓர் ஊரில், மாத்திரை தீர்வது இன்னோர் ஊரில். புறப்படும் வாரத்தில் அம்மாவின், அப்பாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து அட்டைகளின் மூலப்பெயரைப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். திரும்பும் நாள் வரை எத்தனை வேண்டும் என்று எண்ணுங்கள். மூலப்பெயர் எழுதிய புதிய சீட்டு ஒன்று கைப்பையில் இருக்கட்டும்; வெளிநாடென்றால் அந்த நாட்டு விதியையும் டாக்டரின் கடிதத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பெரியவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லைப்பா, நெனச்சப்பதான் போடுவேன்" என்பார். அட்டையில் காலியான குழிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.